மண்புறா பறக்காத மலையடிவாரம்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், பேரருவியிலிருந்து ஈரத்துண்டோடு இறங்கி வருகிறவர்கள் மங்குஸ்தான் பேரம், நேந்திரங்காய்ச் சிப்ஸ் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பலூன் சுடும் பலகை முன்னால் போய் நிற்பார்கள். துணி விரித்த பலகை, அதில் வரிசையாகக் குத்திவைத்த பலூன்கள், ஸ்டூல் மேல் ஓர் ஏர்கன். கடைக்காரர் குழலை ‘டக்’கென்று மடக்கி, மிளகு அளவு ஈயக் குண்டை வைத்து, நிமிர்த்தி நீட்டுவார். வாங்குகிறவர் பெரும்பாலும் புதுமாப்பிள்ளை. பக்கத்தில் நிற்பவர் பார்க்க வேண்டுமே! முதல் குறி தப்பும். அந்தத் துப்பாக்கியின் குறிமுள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

குற்றாலத்துக்கு வரும் ஜனம் காசு கொடுத்துக் குறிபார்ப்பது இவ்வளவுதான். சாரல் திருவிழாவில் கொழுகொழு குழந்தைகளுக்குப் போட்டி உண்டு, நாய்களுக்குக் கண்காட்சி உண்டு. துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை. அருவிக்குக் குளிக்க வந்த இடத்தில் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் 250 வருஷத்துக்கு முன்னால் இந்த மலையடிவாரத்தில் கோட்டைக்குக் கோட்டை வெடிமருந்து வாசனை அடித்தது. அந்தச் சீமையில் குறிபார்க்கும் பழக்கம் எப்படிப் பலூன் பலகையோடு நின்றுபோனது என்பதுதான் இங்கே கதை.

முதலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம். இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில், உழவுமாடு மாதிரி பூட்டியிருக்கும். லைசென்ஸ் புத்தகத்தில் இதற்கு ‘டி.பி.பி.எல்.’ என்று பெயர். டபுள் பேரல் பிரீச் லோடிங் என்பதன் சுருக்கம். அதாவது வாய்வழியாக மருந்து இடிக்க வேண்டாம், பின்பக்கம் திறந்து தோட்டாவைப் போட்டால் போதும். பன்னிரண்டு போர் என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையுமோ அதுவே பன்னிரண்டு போர். விசை இரண்டு இருக்கும். முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. வலக்குழலின் வாய் சற்றுத் திறந்திருக்கும். கிட்டத்தில் இருப்பதற்கு ரவை அகலமாகப் பரவும். இடக்குழலின் வாயை இறுக்கியிருப்பார்கள்; தப்பித் தூரம் போனதைத் துரத்திப் பிடிக்க. 1875-ல் இங்கிலாந்தில் ஆன்சன், டீலி என்ற இருவர் வெளியில் துருத்திக்கொண்டிருந்த குதிரைகளைப் பெட்டிக்குள் ஒளித்து ஓர் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கப்புறம் உலகெங்கும் வந்த ரெட்டைக்குழல்களில் பெரும்பகுதி அந்தப் பெட்டியின் பேரன் பேத்திகள்தான்.

வெளிநாடுகளில் இந்தக் கிழட்டுத் துப்பாக்கிகளுக்கென்றே போட்டிகள் நடக்கின்றன. பாட்டன் காலத்து ரெட்டைக்குழலை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துவந்து வரிசையில் நிற்பார்கள். ‘புல்!’ என்று குரல் கொடுத்ததும் பொறியிலிருந்து ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று சீறி எழும்பும். உள்ளங்கை அகலம்தான். ஒலிம்பிக் கணக்கில் 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. கண் அதைப் பிடிப்பதற்குள் பாதி வானம் போயிருக்கும். ரவை நேராகப் பட்டால் தட்டு உடைவதுகூடத் தெரியாது. கைப்பிடி அளவு கரும்புகை அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஓரத்தில் பட்டால் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்து விழும். சில்லு பெயர்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். சுட்டவர் துப்பாக்கியை மடக்குவார், காலித் தோட்டாக்கள் புகைந்தபடி வெளியே வரும்.

இந்தத் தட்டுக்கு ஆங்கிலத்தில் களிமண் புறா என்று பெயர். இன்றைய தட்டில் களிமண் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து அச்சில் வார்த்தது. புறா என்ற பெயர் வந்ததற்குக் காரணம் கொஞ்சம் சங்கடமானது. ஆரம்பத்தில் நிஜப் புறாவைத்தான் பெட்டியில் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். ‘புல்’, அதாவது ‘இழு’ என்ற அந்தக் குரல்தான் இன்றும் மைதானத்தில் கேட்பது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேகூட உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. பெல்ஜியத்தின் லியோன் தெ லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி வென்றார். போட்டி முடிவதற்குள் செத்த புறாக்கள் கிட்டத்தட்ட 300. ஒலிம்பிக்கில் அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1880-ல், அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டுக்கு வழி கண்டிருந்தார். குளத்தில் பிள்ளைகள் கிளிஞ்சலை வீசித் தத்தவிட்டதைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஓட்டாஞ்சில்லியைக் கண்மாயில் தவளை விட்ட எந்தத் தென்காசிப் பையனுக்கும் அந்த யோசனை வந்திருக்கலாம். வரவில்லை. வந்திருந்தாலும் அவன் கையில் துப்பாக்கி இல்லை. காரணம் 1801.

அதற்கு முன்னால் இந்தச் சீமை எப்படி இருந்தது? தென்காசிக்கு வடக்கே நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி, சொக்கம்பட்டி, கிழக்கே ஊத்துமலை. பாளையம் என்றால் கோட்டை, கோட்டை என்றால் வேல், ஈட்டி, வளரி, அவற்றோடு திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் பீரங்கியோடு நெற்கட்டுஞ்செவல் வாசலுக்கு வந்து, பூலித்தேவரிடம் கப்பம் வாங்க முடியாமல் திரும்பிப் போனார். 1761-ல் யூசுப் கான் அந்தக் கோட்டையைப் பிடித்தார். 1767-ல் வாசுதேவநல்லூர் மேல் கர்னல் கேம்பெல் வந்தார். 1783-ல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது உள்ளே டச்சுக்காரர்களோடு செய்த உடன்படிக்கையே கையில் அகப்பட்டது. தூத்துக்குடியில் கடை விரித்திருந்தவர்கள் அவர்கள்தானே. அங்கிருந்து புல்லார்ட்டன் நேரே சிவகிரிக்கு வந்து கோம்பைக்குள் புகுந்தார். மலையும் மலையும் கூடும் இடுக்கில் காடு மண்டிய பள்ளத்தாக்கைத்தான் இங்கே கோம்பை என்பார்கள். வழி தெரிந்தவன் ஒளிந்திருந்து சுட அதைவிட நல்ல இடம் கிடையாது.

1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாவது முறையாக விழுந்தது; அக்டோபரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். அந்தப் படையெடுப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்பாடு தன் நினைவுகளை எழுதினார். வேல் பிடிக்கவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். சொல்லிக்கொடுத்தவரைத் தூக்கிலிட்ட படையில் சிஷ்யரும் இருந்தார்.

1801 டிசம்பர் 1. சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், இனி வைத்திருப்பது கடுங்குற்றம். பிளாசியில் வென்ற கிளைவின் மகன் கையெழுத்தில் ஒரு சீமையின் கை வெறுங்கையானது. கம்பெனியை எதிர்த்த பாளையம், துணை நின்ற பாளையம் என்று அறிக்கை பிரித்துப் பார்க்கவில்லை. துணை நின்ற எட்டயபுரத்துக்கு நிலம் கிடைத்தது. பழைய படை திரும்பக் கிடைக்கவில்லை. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள்.

இதையே குடகோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1834-ல் கம்பெனி குடகைச் சேர்த்துக்கொண்டது. 1857 கலகத்தில் குடகர்கள் பிரிட்டிஷாருக்கு விசுவாசமாக நின்றார்கள் என்று 1861-ல் அவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு வந்தது. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் ஓடுகிறது. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போள்து திருநாளன்று வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூஜையில் வைத்து, குழல் வாயில் பூச் செருகுவார்கள். அந்தப் பூவுக்கு அங்கே ‘தோக் பூ’, துப்பாக்கிப் பூ என்றே பெயர். வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள். பூஜை முடிந்ததும் உயரத்தில் தேங்காயைக் கட்டிவைத்து ஊரே குறிபார்க்கும். ஆணும் பெண்ணும் சுடுவார்கள். தட்டுக்குப் பதில் தேங்காய். பறக்காது, அசையாது என்பதைத் தவிர இது ஒரு கிராமத்து மண்புறாப் போட்டிதான். தென்காசி மலையடிவாரத்திலும் செங்காந்தள் வேலிக்கு வேலி பூக்கிறது. செருக ஒரு குழல் வேண்டுமே.

1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நெல்லைக்குப் புதிதல்ல. நாடு முழுவதும் இப்போது நெல்லையாயிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு வேண்டாம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்டுத் தீர்மானம் போட்டது. லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது? ஜமீனுக்கு, எஸ்டேட்டுக்கு, பெரிய மிராசுக்கு. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் வெள்ளியும் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் தங்கள் பெயர் பொறித்த துப்பாக்கியும் விற்றார்கள். காற்று வாங்கக் குற்றாலம் வந்த துரைகளின் சாமான் மூட்டையிலும் ரெட்டைக்குழல் வந்திருக்கும். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் தாண்டுமுன்பே வேறு ராஜ்யம் தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. 1933-ல் அந்தச் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சலீம் அலி கையிலும் துப்பாக்கி இருந்தது. அந்தக் காலத்துப் பறவையியல் பாதி ரவையால்தான் எழுதப்பட்டது.

துப்பாக்கி இல்லாதவர் பறவையை எப்படிப் பிடித்தார் என்பதற்குக் குற்றாலத்திலேயே சாட்சி இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் சிங்கன் கண்ணியோடு வருகிறான், கூட நூவன். திருக்குற்றாலநாதர் கோயில் வயல்களில் மேயும் பறவைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எண்ணுகிறான். சிங்கி நினைப்பில் வேட்டையைக் கோட்டை விடுகிறான். இந்த நூலுக்காக முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்குக் கொடுத்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். ஒரு பறவைவேட்டைக்குப் பரிசாக நிலம் கிடைத்த ஊர் என்ற கணக்கில் குற்றாலம் எந்தச் சுடுகளத்துக்கும் இளைத்ததல்ல.

இந்த வட்டாரத்தின் பேர்பெற்ற துப்பாக்கிச் சூடு நடந்தது ரெட்டைக்குழலாலும் அல்ல, காட்டிலும் அல்ல. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ஜங்ஷனில் கொடைக்கானலுக்குப் போகவிருந்த கலெக்டர் ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர் அவர். குறிபார்க்கும் பயிற்சி கிடைத்தது பிரெஞ்சு எல்லைக்குள், புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். பிரிட்டிஷ் திருநெல்வேலியில் ஓர் இளைஞன் குறிபழக இடம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு. அந்தப் பிஸ்டலை வடிவமைத்த ஜான் பிரவுனிங் கடைசியாக யோசித்த துப்பாக்கி, இரண்டு குழல்களைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. 1926-ல் பெல்ஜியத்திலேயே அவர் இறந்துபோக, மகன் வேலையை முடித்தார். 1930-களில் அது சந்தைக்கு வந்தது. கண்ணுக்கு எதிரே ஒற்றைக்குழல்தான் தெரியும் என்பதால் தட்டின்மேல் குறி சுலபமாக நின்றது. மேல்கீழ்க் குழலுக்கு அப்புறம் பெரும்போட்டிகளில் ரெட்டைக்குழலின் பாடு முடிந்தது. மணியாச்சியில் ஒலித்த துப்பாக்கியும், மண்புறா மைதானத்திலிருந்து ரெட்டைக்குழலை விரட்டிய துப்பாக்கியும் ஒரே மூளையில் பிறந்தவை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-ல், மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் முன்னின்று தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியது. மண்புறா ஆட்டம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால், ராஜாக்கள் கையில். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டார். 1962 கெய்ரோ உலகப் போட்டியில், மண்புறா சுடும் டிராப் பிரிவில் வெள்ளி. ஏதென்ஸில் 2004-ல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வாங்கிய வெள்ளியும் பறக்கும் தட்டில் வந்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தின் பெரிய பெயர் பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் ஆண்கள் அணிக்குத் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். புதுக்கோட்டை அரச குடும்பம். 1799-ல் ஓடிவந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1803-ல் கீழாநிலைக் கோட்டை பரிசாக வந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் வரை தனியாகவே இருந்தது. கிளைவின் அறிக்கை அதன் எல்லைக்குள் வரவில்லை. நல்ல விளையாட்டு வீரர் ஒருவரின் பதக்கத்தை 225 வருஷப் பழைய கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பாரிஸில் அவருக்கு முன்னால் பறந்த தட்டுக்கு வரலாறு தெரியாது. ஆனாலும் வரைபடத்தைப் பார்த்தால் கண்ணில் படாமல் போகாது: பிகானேர், குடகு, புதுக்கோட்டை. கம்பெனியோடு ஒத்துப்போன இடங்களில் குறிபார்ப்பது குலவழக்கமாக நின்றது. நெல்லையில் அது கதைப்பாடலுக்குள் போய்விட்டது.

பணமும் ஒரு காரணம். டிராப் தகுதிச்சுற்றில் ஒருவருக்கு 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை போகலாம். பயிற்சிக்கு அதைப்போல் எத்தனையோ மடங்கு. தோட்டாவுக்கு ஆகும் காசில் ஒரு குறுவிவசாயி கோடை உழவை முடித்துவிடுவார்.

அப்படியானால் தென்காசி மாவட்டத்து ரெட்டைக்குழல்கள் எங்கே? வயலில். கடையம், மேக்கரை, வடகரைப் பக்கம் மலையை ஒட்டித் தென்னையும் வாழையும் நெல்லும் போட்டவர்களுக்குப் பன்றியும் யானையும் ராத்திரி விருந்தாளிகள். பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துப்பாக்கி எதையும் நேராகப் பார்க்கக் கூடாது. 2025 ஜனவரியில் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக அரசு முடிவெடுத்தபோதும், காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறைக்காரர்தான் சுடலாம் என்றது. தோட்டக்காரர் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைக்கலாம். பன்னிரண்டு போரின் வேலை இப்போது சத்தம் போடுவது. பட்டாசு அதைவிட மலிவு என்பதால் பல துப்பாக்கிகள் பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடக்கின்றன.

அவை வெளியே வந்து கூடுவது தேர்தலுக்குத்தான். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர்களுக்கு விலக்கு. தேசிய ரைபிள் சங்கத்தில் இருந்து போட்டிக்குப் போகிறவர்களுக்கும் விலக்கு. மண்புறா சுடுகிறவர் துப்பாக்கி வீட்டில் இருக்கலாம், பன்றி விரட்டுகிறவருடையது ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அன்றைக்கு ஸ்டேஷன் வராந்தாவில் பழைய வேட்டி, உரச்சாக்கு, தைத்த கான்வாஸ் உறை எனச் சுற்றிய நீளப் பொட்டலங்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, மடக்கி, நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து ரசீது எழுதுவார் ஏட்டு.

வாக்கு எண்ணி முடிந்தபின் ரசீதோடு திரும்ப வருவார்கள். துப்பாக்கியை வாங்கிய பெரியவர் உடனே கிளம்பமாட்டார். வாசல் வெளிச்சத்துக்கு வந்து, குழலை மடக்கி, பின்பக்கமாகக் கண் வைத்து இரண்டு ஓட்டைக்குள்ளும் பார்ப்பார். இடக்குழலில் ஒரு புள்ளி துரு. துண்டு நுனியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்துவிட்டு, மறுபடி வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்து, வேட்டியைச் சுற்றிக்கொண்டு மேக்கரை பஸ்ஸுக்கு நடப்பார்.